வீரனுக்குப் பிறப்பு எதற்கு?

சென்ற மாதம் ஒரு கிராமத்துக் கூட்டத்தில் புராண வீரர்களைப் பற்றி நாம் பேசி முடித்ததும், வயது முதிர்ந்த தோழர் ஒருவர் எழுந்தார். "கர்ணனைப் பெட்டியில் வைத்து ஆற்றில் விட்ட கதையைப் புளுகு என்கிறீர்கள். அதே மாதிரிக் கதை கிறிஸ்தவர் வேதத்திலும் இருக்கிறது, ரோமாபுரியிலும் இருக்கிறதாம். உலகமெல்லாம் ஒன்றைச் சொன்னால் அதில் உண்மை இல்லாமலா போகும்?" என்றார். சிலர் கை தட்டினார்கள். கேள்வி நல்ல கேள்விதான். அங்கே நேரமில்லாமல் விட்டதை இங்கே சொல்லுகின்றோம்.

உலகமெல்லாம் ஒரே கதை என்பது வாஸ்தவமே. 1936-ல் ராக்லன் பிரபு என்னும் ஆங்கிலேயர் பல தேசத்து வீரர் கதைகளையும் ஒப்பிட்டு, அவைகளுக்குப் பொதுவான 22 அடையாளங்களைத் தொகுத்தார். அவற்றில் முதல் இரண்டு என்ன? வீரமா, அறிவா, ஈகையா? ஒன்றுமில்லை. தாய் அரச குலத்துக் கன்னி; தகப்பன் அரசன். இதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம்!

நிற்க, இக்கதைகளில் பழமையான ஒன்றைப் பார்ப்போம். இன்றைய ஈராக் தேசத்தில், இற்றைக்குச் சுமார் 4,300 வருஷங்களுக்கு முன் சார்கோன் என்ற அரசன் இருந்தான். அவன் தாய் கோயிலின் தலைமைப் பூசாரி என்றும், அவள் இரகசியமாய்ப் பெற்று, நாணற்கூடையில் கீல் பூசி ஆற்றில் விட்டாள் என்றும், தண்ணீர் இறைக்கும் அக்கி என்பவன் எடுத்து வளர்த்தான் என்றும் கதை. இக்கதை எழுதிய களிமண் பலகைகள் சார்கோன் செத்து 1,500 வருஷங்களுக்கு மேல் கழிந்த காலத்தவை. ஆனால் அவைகளுக்குப் பல நூற்றாண்டு முந்திய சுமேரிய அரசர் பட்டியல் என்ன சொல்லுகின்றது? அவன் தகப்பன் ஒரு தோட்டக்காரன் என்றும், அவன் வேறொரு அரசனுக்குப் பானபாத்திரம் ஏந்தியவன் என்றும் சொல்லுகின்றது. அதாவது முந்திய ஏட்டில் தோட்டக்காரன் பெற்ற பிள்ளை, பிந்திய ஏட்டில் தோட்டக்காரனாய் வளர்ந்த உயர்குலப் பிள்ளையாகிவிட்டான்! கூடையும் ஆறும் எதற்கு வந்தன என்று இப்போது விளங்குகின்றதா? பெற்றவனை மறைத்து "வளர்த்தவன்" ஆக்குவதற்குத்தான்.

ரோமாபுரியைக் கட்டியதாகச் சொல்லப்படும் ரோமுலனும் அப்படியே. இடையன் வீட்டில் வளர்ந்தவன். ஆனால் தாய் அரசகுமாரி, தகப்பன் யுத்த தேவன். மோசே கதை மாத்திரம் தலைகீழ், அடிமைக் குடியில் பிறந்து அரண்மனையில் வளர்ந்தான் என்று சிலர் சொல்லலாம். பிறந்தது லேவி கோத்திரம். அந்த ஜனங்களின் பூசாரிக் கோத்திரம் எதுவென்று அதே வேதத்தைப் புரட்டிப் பார்க்கட்டும்.

பெரியவர் சொன்ன கர்ணனிடம் வருவோம். அரங்கத்தில் வில்லெடுத்து அர்ச்சுனனுக்குச் சரியாய் நின்றவனை, "உன் குலமென்ன?" என்று கேட்டார்கள். அம்பு எய்ய வந்தவனிடம் அம்பைப் பற்றிக் கேட்கவில்லை! தேரோட்டித் தகப்பன் வந்து கட்டிக்கொண்டதும், சாட்டையை எடுத்துக்கொண்டு போ என்று பீமன் ஏசினான். கதை கட்டியவன் இது அநியாயம் என்று முடித்திருந்தால் நாமும் கை தட்டியிருப்போம். அவன் செய்ததோ, கர்ணன் தேரோட்டி மகனல்ல, சூரியனுக்கும் குந்திக்கும் பிறந்தவன் என்று காட்டியது. அத்தனை வீரம் ஒரு தேரோட்டி வீட்டில் பிறக்கக்கூடாதாம்! மறைக்க அரச இரத்தம் இல்லாத ஏகலைவன் கதி என்ன? வேடர் தலைவன் மகனென்பது கூடப் போதவில்லை. கட்டை விரல் போயிற்று. கிரேக்கரின் இலியத்திலும் தெர்சித்தெஸ் என்று ஒருவன் வருகிறான். அரசன் கொள்ளையில் பெரும்பங்கு எடுத்துக்கொள்ளுகிறான் என்று படையின் நடுவில் பேசினான். ஒடிசியஸ் செங்கோலால் அவன் முதுகில் அடித்தான், படை சிரித்தது. பேசிய வாய்க்குப் பதில் இல்லை, முதுகுக்குத்தான் பதில்.

ஆகவே பெரியவருக்கு நமது பதில்: எல்லா ஊரிலும் ஒரே கதை இருப்பது கதை உண்மை என்பதற்குச் சாட்சியல்ல. எல்லா ஊரிலும் அரசன் சோற்றைத் தின்று பாடினவன் ஒருவன் இருந்தான் என்பதற்கே சாட்சி. சாமானியன் ஒருவன் தன் கையால் மேலே வந்துவிட்டால், நாளைக்கு இன்னொருவன் வரமாட்டானா என்ற பயம் அரண்மனைக்கு உண்டு. அந்தப் பயத்துக்கு மருந்து அந்தக் கூடை.

வெளிதேசமெல்லாம் ஏன்? நம்முடைய மதுரை வீரன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். காட்டில் கிடந்த பிள்ளையை எடுத்து ஊட்டி வளர்த்தவர்கள் அருந்ததியர்கள். அச்சில் வந்த கதைப் பாட்டோ அவனைக் காசி ராஜா பெற்ற பிள்ளை என்கின்றது. கழுத்தில் கொடி சுற்றிப் பிறந்ததால் ஜோசியன் சொல்லக் காட்டில் விட்டார்களாம். காசி எங்கே, நம் காடு எங்கே!

கூட்டம் கலைந்த பின் அந்தப் பெரியவர் நம்மோடு பஸ் நிற்கும் இடம்வரை நடந்து வந்தார். தம் வீட்டுச் சாமி மதுரை வீரன் என்றார். காசிக்கு யாராவது போனதுண்டா என்று கேட்டோம். "எங்கள் வம்சத்தில் எவனும் திருச்சியைத் தாண்டியதில்லை" என்றார். கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தார். பிறகு, "அடுத்த கூட்டம் எப்போது?" என்று கேட்டார்.