அறைக்குள் தொலைக்காட்சி எதற்கு?

தம்புள்ளையிலிருந்து பேராதனைப் பல்கலைக்கழகம் செல்லும் நம் பிள்ளைகளின் விடுதி அறைதோறும் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி அத்தியாவசியம் என்றும், அஃதில்லாவிடில் அவர்களது உலகஞானம் குன்றிவிடும் என்றும் நண்பர் ஒருவர் எழுதியிருப்பதை நான் அடியோடு மறுக்கிறேன். இலங்கையில் தொலைக்காட்சி ஆரம்பமானதே 1979இல்தான். பல்கலைக்கழகமோ 1952லேயே பேராதனைக்கு வந்துவிட்டது. இடைப்பட்ட 27 வருஷப் பட்டதாரிகளை ஞானசூனியர் என்று சொல்ல நண்பர் துணிவாரா?

கிரிக்கெட் பார்க்கவேண்டாமா என்கிறார். 2010ஆம் வருஷத்து ஆசியக் கிண்ணப் போட்டிகள் அனைத்தும் நம்மூர் ரங்கிரி மைதானத்திலேயே நடந்தன. அத்தகைய விசேஷங்களை விடுதியின் பொதுக்கூடத்தில், சிங்கள, முஸ்லிம் சகமாணவரோடு தோளுரச அமர்ந்து பார்க்கும் ஆனந்தம் பூட்டிய அறையில் ஒருநாளும் கிட்டாது.

அறையோ ஒருவனுக்கு மட்டும் சொந்தமன்று. ஒருவன் நாடகத்தில் லயித்திருக்க, மறுநாள் பரீட்சைக்குப் போகவேண்டியவன் காதிற் பஞ்சடைத்து, சுவர்ப்பக்கம் திரும்பியமர்ந்து, அதே பக்கத்தை மீண்டும் மீண்டும் வாசிக்கும் அவஸ்தையை நண்பர் கணக்கிலேயே எடுக்கவில்லை.

தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தில் விடியுமுன்னே மரக்கறி மூட்டை சுமந்து பிள்ளைக்குப் பணம் அனுப்பும் தகப்பன்மாரை ஒன்று வேண்டுகிறேன்: அந்தப் பணத்தில் நல்லதொரு மேசைவிளக்கும் பாடநூல்களும் வாங்கிக்கொடுங்கள்.