கிழிந்தால் கிழியட்டும்

ஒக்டோபர் வந்தால் தேசிய வாசிப்பு மாதம். சப்ரகமுவவின் தோட்டப் பாடசாலைகளிலும் பதாகை கட்டுவார்கள். ‘வாசிப்பின் பயன்’ என்று பேச்சுப்போட்டி வைப்பார்கள். பிள்ளைகள் பாடமாக்கி வந்து ஒப்புவிப்பார்கள். வென்ற பிள்ளைக்கு ஒரு கொப்பியோ பேனையோ கிடைக்கும். வாசிப்பு மட்டும் நடக்காது. புத்தகம் இல்லையா என்றால், பல இடங்களில் இருக்கிறது; அதிபரின் அறையில், இலக்கமிட்டு அடுக்கி, அலுமாரிக்குள் பூட்டி.

பூட்டுகிறவரைத் திட்டிப் பயனில்லை. அந்தப் புத்தகங்கள் பொருட்பதிவேட்டில் ஏறியவை. கணக்கெடுப்பில் ஒன்று குறைந்தால் பதில் சொல்லவேண்டியவர் அவர்தான். ஆறு வயதுப் பிள்ளையின் கையில் கொடுத்த படப் புத்தகம் இரண்டு தவணையில் நைந்துபோகும். மூலை மடியும், அட்டை கழரும், நடுப்பக்கம் ஒன்று காணாமற் போகும். கொடுக்காமல் வைத்திருந்தால் எந்த அதிகாரியும் ஏன் என்று கேட்கமாட்டார். அப்படியிருக்க யார்தான் துணிந்து கொடுப்பார்கள்? பிள்ளைகளிடம் வாசிப்பு இல்லை என்று கைத்தொலைபேசியைக் குறைசொல்வதற்கு முன் இந்தப் பதிவேட்டு வழக்கத்தைத் திருத்தவேண்டும் என்பது என் கட்சி.

நுவரெலியாவோடு ஒப்பிட்டால் சப்ரகமுவவின் கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் நிலை வேறு. தெஹியோவிட்ட, யட்டியாந்தோட்டை, தெரணியகல பக்கம் இறப்பரும் தேயிலையும் கலந்து கிடக்கின்றன. பலாங்கொடை, இறக்குவானை, காவத்தைப் பக்கமும் தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கு இடையே சிதறித்தான் இருக்கின்றன. தமிழ்ப் பாடசாலைகள் சிறியவை. பலவற்றில் ஐந்தாம் தரத்தோடு முடிந்துவிடும். அதன்பிறகு பிள்ளை தூரத்துத் தமிழ்ப் பாடசாலைக்குப் பஸ் ஏறவேண்டும், அல்லது பக்கத்துச் சிங்களப் பாடசாலையில் சேரவேண்டும், அல்லது நின்றுவிடவேண்டும். தமிழில் ஒரு புத்தகத்தை ஆசையோடு கையில் எடுக்கும் பழக்கம் வருவதானால் அந்த ஐந்து வருடத்துக்குள் வரவேண்டும்.

இந்தச் சிறிய பாடசாலைகளில் ஒரே ஆசிரியர் இரண்டு மூன்று தரங்களைச் சேர்த்து நடத்துவது வழமை. பாடநூலை வைத்துக்கொண்டு இதைச் செய்வது பெரும்பாடு. ஒரு தரத்துக்குச் சொல்லும்போது மற்றத் தரம் சும்மா இருக்கும், அல்லது கரும்பலகையைப் பார்த்து எழுதும். படப் புத்தகத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை.

யட்டியாந்தோட்டைப் பக்கம் ஒரு வகுப்பில் இதைப் பார்த்தேன். எரிக் கார்ல் 1969இல் வெளியிட்ட, பசியெடுத்த கம்பளிப்புழுவின் கதை. புத்தகம் ஆங்கிலத்தில். டீச்சர் அதைப் பிள்ளைகள் பக்கம் திருப்பி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, மேலிருந்து எட்டி எட்டிப் பார்த்தபடி தமிழில் சொன்னார். பெயார்ஸ், பிளம்ஸ் எல்லாம் அந்தப் பிள்ளைகள் கையால் தொட்டறியாத பழங்கள். அது ஒரு தடையாகவே இல்லை. புழு தின்ற இடத்தில் தாளிலேயே ஓட்டை இருக்கிறது. அதில் விரலை விட்டுப் பார்க்க முண்டியடித்தார்கள். முதலாம் தரம் பழங்களை எண்ணியது. இரண்டாம் தரம் கிழமை நாட்களை முந்திக்கொண்டு சொன்னது. மூன்றாம் தரத்துப் பையன் ஒருவன், “இப்ப கூடு கட்டும் பாருங்க டீச்சர்” என்றான். கண்டதையும் தின்று வயிற்றுவலி வந்த புழு ஒரு பச்சை இலையைத் தின்று தேறுகிற இடத்தில், பின்வரிசைச் சிறுமி கேட்டாள்: “கொழுந்தா டீச்சர்?” மூன்று தரத்துக்கும் அன்று ஒரே பாடம், ஒரே புத்தகம்.

இதற்கு ஆய்வுச் சான்றும் இருக்கிறது. நம்மவர்களைப் போலவே இந்தியாவிலிருந்து கூலிகளாகக் கப்பலேறியவர்களின் பிள்ளைகள் வாழும் பிஜித் தீவுகளில், 1980இல் வோரிக் எல்லி, பிரான்சிஸ் மங்குபாய் என்ற இருவர் கிராமப்புற வகுப்புகளுக்குத் தலா 250 ஆங்கிலப் படக் கதைப் புத்தகங்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். அங்கும் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் இரண்டாம் மொழிதான். புத்தகம் வெள்ளமாகப் புகுந்த வகுப்புகளின் வாசிப்பு முன்னேற்றம் மற்ற வகுப்புகளைப்போல ஏறக்குறைய இருமடங்கு. 1990களின் நடுப்பகுதியில் எல்லி இலங்கையின் சிறிய பாடசாலைகளிலும் ஆங்கிலக் கதைப் புத்தகங்களைக் கொண்டு இதைச் செய்துகாட்டினார், பலன் கிடைத்தது. ஆங்கிலத்துக்குச் செய்ததைத் தாய்மொழிக்குச் செய்ய நமக்கு என்ன தயக்கம்?

தமிழில் புத்தகம் கிடைக்காது என்ற சாக்கும் இனிச் செல்லாது. ரூம் டு ரீட் நிறுவனம் இலங்கையிலேயே சிங்களத்திலும் தமிழிலும் சிறுவர் கதைகளை வெளியிடுகிறது. 2015இல் பிரதம் புக்ஸ் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக் கதைகளை இலவசமாக இறக்கி அச்சிடலாம். தமிழ்நாட்டு அரசு 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம் சின்னஞ்சிறு நூல்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படியாகப் பிரித்து அரசுப் பள்ளிகளுக்குக் கொடுத்தது.

ஆனால் இவற்றில் நம் பிள்ளையின் வீடு அரிதாகத்தான் இருக்கும். லயம், இஸ்தோப்பு, பிரட்டுக்களம், மழைக்காலத்து அட்டை எல்லாம் எந்தப் படத்தில் இருக்கின்றன? விடியுமுன் அப்பா இறப்பர்ப் பால் வெட்டப் போவது, பட்டையில் கத்தி இறங்கியதும் வெள்ளைக் கோடு வழிந்து சிரட்டைக்குள் விழுவது, மழை வந்தால் அன்றைய வேலை கெடுவது, காய்ந்த ஒட்டுப்பாலை இழுத்துச் சுற்றிப் பந்து செய்வது எல்லாம் பதினாறு பக்கத்தில் அடங்கும் கதை. வரையத் தெரிந்த ஆசிரியர்கள் இங்கே இருக்கிறார்கள். பத்தனை ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரியில் பயிலும் ஒவ்வோர் ஆசிரிய மாணவரும் பயிற்சியின் பகுதியாக இப்படி ஒன்றைச் செய்தால் சில வருடங்களில் ஓர் அலுமாரி நிறைந்துவிடும். இப்போதைக்கு அலுமாரி என்றே சொல்லிவைக்கிறேன்.

இன்னொரு கெட்ட பழக்கம் உண்டு. கதை முடிந்த கையோடு “இதிலிருந்து என்ன விளங்குது?” என்று கேட்பது. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையின் நிழல் முதலாம் தரம்வரை நீள்கிறது. எதையும் வினாவாக்காமல் விட நமக்கு மனம் வருவதில்லை. புழு இலையைத் தின்றது, வண்ணத்துப்பூச்சியானது, அவ்வளவுதான். பிள்ளை “இன்னொருக்கா” என்றால் இன்னொருக்கா வாசிக்கவேண்டும்.

புத்தகம் வீட்டுக்கும் போகவேண்டும். எழுத்தே இல்லாத, படம் மட்டும் உள்ள புத்தகங்கள் இதற்கு மிக ஏற்றவை. மலையிலிருந்து கூடையோடு திரும்பும் அம்மாவுக்கோ, லயத்தில் இருக்கும் அப்பாயிக்கோ எழுத்துக் கூட்டத் தெரியாமல் இருக்கலாம். படத்தைப் பார்த்துக் கதை கட்ட அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவேண்டியதில்லை. மலையகத்தின் வாய்மொழிப் பாடல்களை சி.வி. வேலுப்பிள்ளை திரட்டியது இப்படிப்பட்டவர்களிடமிருந்துதான்.

இத்தனைக்கும் குறுக்கே நிற்பது அந்தப் பதிவேடு. 1987இன் பதின்மூன்றாம் திருத்தத்துக்குப் பிறகு தேசிய பாடசாலைகள் தவிர்ந்தவை மாகாண நிர்வாகத்தின் கீழ் வந்தன. தோட்டப் பாடசாலைகளும் அதற்குள்தான். ஆகவே சப்ரகமுவ மாகாணக் கல்வித் திணைக்களம் இதைக் கையிலெடுக்கலாம். ஆரம்பப் பிரிவின் படப் புத்தகங்களைச் சோக்குக்கட்டியைப்போலத் தீர்ந்துபோகும் பொருளாகக் கருதி, கிழிந்தவற்றை அதிபரே பதிவழிக்க அனுமதிக்கவேண்டும். வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து பார்வையிட வருகிறவர் ஒரு பாடசாலையின் புத்தகங்கள் மூன்று வருடத்துக்குப் பிறகும் புத்தம்புதிதாக இருக்கக் கண்டால், அதற்கு அதிபரிடம் விளக்கம் கேட்கவேண்டும்.