சாரலைக் காட்டி விற்கிற மனை

ஆனி, ஆடி மாதங்களில் தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற பாதைகளில் ஆங்காங்கே வேன்கள் ஒதுங்கி நிற்பதைப் பார்க்கலாம். இறங்குகிறவர்கள் அருவியில் குளித்த ஈரத்தலை காயாதவர்கள். மலையில் மேகம், முகத்தில் தூறல், சிலுசிலுவென்று காற்று. மனை விற்க வந்த தம்பி ஆளுக்கொரு டீயைக் கையில் கொடுத்து, "சார், இந்தக் காத்துக்கே காசு கொடுக்கலாம்" என்பார். பலர் கொடுத்துவிட்டும் போகிறார்கள்.

மனை விற்பது பாவம் என்று சொல்கிற கூட்டத்தில் நான் இல்லை. வங்கியில் வேலை பார்த்த காலத்தில் வீட்டுக்கடன் கோப்புகளைப் பார்த்துப் பார்த்தே கண்ணாடி நம்பர் ஏறியவன் நான். வீடு கட்ட மனை வேண்டும், மனைக்கு யாராவது நிலத்தை விற்றுத்தான் ஆகவேண்டும். 2019 நவம்பர் 22-ல் தென்காசி தனி மாவட்டம் ஆனது. கலெக்டர் ஆபீஸ் வந்தால் கூடவே ஆயிரம் குடும்பம் வரத்தான் செய்யும். மத்தளம்பாறையில் ஜோஹோ இருக்கிறது. செங்கோட்டை தாண்டினால் கேரளா. சென்னையில் ஓய்வு பெற்றவர்களுக்குக் குற்றாலத்துப் பக்கம் ஒரு வீடு என்பது பாதி வயதுக் கனவு. விலை ஏறாமல் என்ன செய்யும்? காருக்கும் பிசானத்துக்கும் நடவு ஆள் கிடைக்காமல் அலைகிறவரிடம் போய் "நஞ்சையை விற்காதீர்" என்று சொல்ல, வயலில் இறங்காத எனக்கு என்ன யோக்கியதை?

என் மனத்தாங்கல் வேறு. நிலத்தை விற்கிறபோது, நம்முடையது அல்லாத ஒன்றையும் சேர்த்து விற்றுவிடுகிறோம். வாய்க்காலைச் சொல்கிறேன்.

பழைய கிரயப் பத்திரங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நான்கு மால் எழுதி முடித்ததும், "மாமூல் நீர்ப்பாய்ச்சல் பாத்தியம், வண்டி மாடு போக வர நடைபாதைப் பாத்தியம் உள்பட" என்று ஒரு வரி வரும். எங்கள் தாத்தா வாங்கிய பத்திரத்தில் எந்த மடையிலிருந்து எந்த வயல் வழியாகத் தண்ணீர் வரும் என்பது வரை இருக்கிறது. நிலத்தைக் கோட்டை விதைப்பாடு, மரக்கால் விதைப்பாடு என்று அளந்த காலம். தண்ணீர் வராத நிலத்தில் எத்தனை மரக்கால் விதைத்து என்ன பயன்? இன்றைய மனைப் பத்திரத்தில் அந்த வரி போய்விட்டது. அந்த இடத்தில் "பொது ரோட்டில் நடக்கவும் வாகனங்கள் செல்லவும்" என்று எழுதுகிறார்கள். தண்ணீர் இருந்த இடத்தில் ரோடு.

சட்டம் இல்லாமல் இல்லை. 2016 செப்டம்பர் 9-ல் சென்னை உயர்நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யத் தடை போட்ட பிறகு, வயலில் நாலு கல்லை நட்டு விற்கிற பழைய ஆட்டம் அடங்கியது. நல்ல காரியம். 2016 அக்டோபர் 20-க்கு முந்திய மனைப்பிரிவுகளை ஒழுங்குபடுத்த 2017-ல் விதி வந்தது. அதே ஆண்டில் ரெரா வந்தது. ஊரமைப்புத் துறை அங்கீகாரம் இருக்கிறதா, பூங்காவுக்கு ஒதுக்கியிருக்கிறதா, ரோட்டை உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுத்தாயிற்றா என்றெல்லாம் இப்போது வாங்குகிறவரே கேட்கிறார். கோயில் நிலம் என்றால் பதிவுச் சட்டத்தின் 22-ஏ குறுக்கே நிற்கும். எல்லாம் சரி. ஆனால் இந்தக் காகிதங்கள் பெரும்பாலும் மனை வாங்குகிறவரைக் காப்பாற்றத்தான். பக்கத்து வயல்காரரைப் பற்றி யார் கேட்கிறார்கள்?

மேலகரம் பக்கம் எனக்குத் தெரிந்த ஒருவருக்கு 80 சென்ட் நஞ்சை. அவருக்கு மேலே இருந்த வயல்கள் மனையாகின. நடுவே இரண்டடி அகலத்தில் ஒரு வாய்க்கால், அவருடைய அப்பா காலத்துக்கும் முன்னால் இருந்து ஓடியது. சரள் மண் அடித்து ரோடு போட்டபோது அது மூடிப்போய், பேருக்கு ஒரு பிளாஸ்டிக் குழாயைப் பதித்தார்கள். ஒரே மழையில் குழாய் மண்ணடைத்துவிட்டது. இவர் போய்க் கேட்டார். "வரைபடத்தில் வாய்க்கால் இல்லையே அண்ணாச்சி" என்று பணிவாகவே பதில் சொன்னார்கள். கிராம நிர்வாக அலுவலரும் புலப்படத்தைப் பார்த்துவிட்டு அதையேதான் சொன்னார்.

அவர்கள் சொன்னது பொய் இல்லை. சிக்கலே அங்கேதான். அரசுப் புறம்போக்காக, தனி சர்வே எண்ணோடு இருக்கிற கால்வாய் புலப்படத்தில் தெரியும். ஆறு, குளம், பெரிய கால்வாய் பற்றி அதிகாரிகள் கேள்வி கேட்பார்கள். பட்டா நிலத்துக்குள் வரப்போரமாகப் போகிற மாமூல் வாய்க்காலுக்கு எண் கிடையாது. அது ஊர்க்காரர்களின் நினைவிலும் பழைய பத்திரத்தின் அந்த ஒற்றை வரியிலும்தான் இருக்கிறது. 1882-ம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி 20 வருடம் தடையில்லாமல் அனுபவித்தால் உரிமை உண்டு. சரி, 80 சென்ட்காரர் அதை வைத்துக்கொண்டு எத்தனை வருடம் கோர்ட்டுக்கு நடப்பார்? இரண்டு போகம் தரிசு போட்டுப் பார்த்தார். மூன்றாவது வருடம் அதே ஆட்களிடமே விற்றார். தண்ணீர் வராத நஞ்சைக்கு என்ன விலை கொடுப்பார்களோ அந்த விலை. ஒரு பற்று முழுவதும் மனையாவது இப்படித்தான். முதல் வயல்காரர் விருப்பப்பட்டு விற்கிறார், அடுத்தவர் வேறு வழியில்லாமல் விற்கிறார். பார்க்கிறவர்களுக்கு எல்லாரும் விரும்பி விற்ற மாதிரி இருக்கும்.

மேலகரம் என்றதும் திரிகூடராசப்பக் கவிராயர் ஞாபகம் வருகிறது, அவருடைய ஊர் அது. குற்றாலக் குறவஞ்சி பாடியதற்கு மதுரை நாயக்க மன்னர் அவருக்குக் கொடுத்த பரிசு நன்செய் நிலம். 'குறவஞ்சி மேடு' என்று பெயர். கவிக்கு மரியாதை செய்ய நினைத்தவருக்குத் தண்ணீர் பாய்கிற நிலத்தை விடப் பெரிதாக எதுவும் தோன்றவில்லை.

மனை வாங்குகிறவருக்கும் இதில் பங்கு உண்டு. வயலுக்குப் போகாத தண்ணீர் எங்கே போகும்? ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பிடித்தால் அது மனைக்குள்தான் நிற்கும். 2023 டிசம்பர் 17, 18-ல் தென்மாவட்டங்களில் கொட்டிய மழையை யாரும் மறந்திருக்க முடியாது. ஆடிச் சாரலில் வந்து பார்த்தவருக்கு இது எப்படித் தெரியும்? சாரல் மண்ணை நனைக்கும், பள்ளத்தைக் காட்டாது. மனை பார்க்க வேண்டுமென்றால் கார்த்திகையில் வாருங்கள். குடையைப் பிடித்துக்கொண்டு ரோட்டுக்கு அடியில் பாலம் இருக்கிறதா, குழாய் இருக்கிறதா, அதில் தண்ணீர் ஓடுகிறதா என்று பாருங்கள். பக்கத்து வரப்பில் புல் அறுக்கிற அம்மாவிடம் "இந்த இடத்தில் தண்ணி நிக்குமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அந்தப் பதிலுக்குச் செலவு கிடையாது.

மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுக்கும் முன், கார் சாகுபடி நடக்கிற நாளில் ஒருமுறை கீழ்வயல்காரர்களையும் கூட்டிக்கொண்டு நடந்து பார்த்து, மாமூல் வாய்க்கால்களை வரைபடத்தில் ஏற்ற வேண்டும் என்பது என் கருத்து. கிரயத்துக்கு முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என்று 9 சதவீதம் வாங்குகிற அரசாங்கத்துக்கு இது பெரிய வேலை அல்ல. அது நடக்கிறபோது நடக்கட்டும். விற்கிற நாம் எதற்காகக் காத்திருக்க வேண்டும்? வாய்க்காலை அதன் அகலத்தோடு விட்டுவிடுவதாகக் கிரயப் பத்திரத்தில் எழுத எந்த அதிகாரியின் அனுமதியும் தேவையில்லை. இரண்டடி அகலம், 300 அடி நீளம் என்றால் 600 சதுர அடி. ஒன்றரை சென்ட் கூட வராது.

இலஞ்சியில் எங்களுக்கு நாலு பங்காக ஒரு வயல் இருக்கிறது. அதற்குக் கீழே இரண்டு வயல்கள் எங்கள் வாய்க்காலை நம்பித்தான் இருக்கின்றன. தம்பிக்கு விற்கவேண்டிய அவசரம், மகள் கல்யாணம். நியாயமான அவசரம்தான். வாய்க்காலைப் பத்திரத்தில் எழுதினால் நான் கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். "அண்ணே, இப்படி நிபந்தனை போட்டா எவன் வருவான்?" என்கிறான். முதலில் வந்தவர் அதைக் கேட்டதும் கிளம்பிவிட்டார். இரண்டாவதாக ஒருவர் போன வாரம் வந்தார். பேசாமல் டேப்பை எடுத்து வாய்க்காலை மூன்று இடத்தில் அளந்து, ஒரு சீட்டில் குறித்துக்கொண்டு போயிருக்கிறார்.