புத்தகம் ஒன்றானது, பள்ளி நாட்கள் ஒன்றாகவில்லையே!

குற்றாலத்தில் சாரல் தொடங்கும் ஜூன் மாதத்தில்தான் பள்ளிக்கூடங்களும் திறக்கின்றன. அருவிக்கரையிலும் தென்காசிக் கடைத்தெருவிலும் வியாபாரம் சூடு பிடிக்கும் நேரம் அது. ‘சீசன் முடியட்டும், பிறகு படிக்கலாம்’ என்று மகனைக் கல்லாவில் உட்கார வைக்கும் பெற்றோர் நம்மிலும் உண்டு. சீசன் முடிந்து அவன் வகுப்புக்குப் போகும்போது காலாண்டுத் தேர்வு நெருங்கி விடுகிறது!

சமச்சீர் கல்வி எளிதில் கிடைத்ததல்ல. மாநில வாரியம், மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என நான்கு பாடத்திட்டங்கள் இருந்தன. ஏழைப் பிள்ளைக்கு ஒரு புத்தகம், வசதியுள்ள பிள்ளைக்கு வேறொரு புத்தகம். 2010ல் சட்டம் வந்தது. 2011ல் ஆட்சி மாறியதும் அதை நிறுத்தி வைக்க முயன்றனர். பள்ளிகள் திறந்த பிறகும் பிள்ளைகள் புத்தகமின்றித் தவித்தனர். பத்து நாட்களுக்குள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2011 ஆகஸ்ட் 9 அன்று தீர்ப்பளித்த பிறகே வழி பிறந்தது. இன்று பத்தாம் வகுப்பில் அரசுப் பள்ளி மாணவனும் மெட்ரிகுலேஷன் மாணவனும் ஒரே பாடத்திட்டத்தில் படித்து ஒரே பொதுத்தேர்வை எழுதுகிறார்கள்.

குறைகள் இல்லையா? உண்டு. சி.பி.எஸ்.இ. பள்ளிகள் இதற்குள் வரவில்லை. மருத்துவப் படிப்புக்கு நீட் குறுக்கே நிற்கிறது. அவற்றுக்காக அரசிடம் குரல் கொடுப்போம். ஆனால் கிடைத்த உரிமையை நாமே கைவிடலாமா?

2007 முதல் நமக்கு 3.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. 6 முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020லும், பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 2021லும் 7.5 சதவீத இடங்கள் ஒதுக்கப்பட்டன. பாதியில் படிப்பை விட்டவனுக்கு இவற்றால் என்ன பயன்?

பதினான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளையைப் பள்ளி நேரத்தில் சொந்தக் கடையிலும் வேலைக்கு வைக்கக் கூடாது என்கிறது 2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம்.

வியாபாரச் சகோதரர்களே! பள்ளி நேரத்தில் மாணவர்களைக் கடையில் நிறுத்த மாட்டோம் என்று உறுதி கொள்ளுங்கள். படித்த இளைஞர்களே! விடுபட்ட பாடங்களை மாலை நேரத்தில் சொல்லிக் கொடுக்க முன்வாருங்கள். அதற்கு ஓர் அறையை ஜமாஅத்துகள் ஒதுக்கித் தரட்டும்.

சீசன் அடுத்த ஆண்டும் வரும். பிள்ளை இழந்த வகுப்பு திரும்ப வராது!