பசுமைக் கட்டடமாம், கண்ணாடிப் பொட்டியாம்!

எந்தக் கல்லூரி விழாவுக்குப் போனாலும் "பசுமை வளாகம்"ங்கற வார்த்தை இப்போ தவறாம காதுல விழுது. கேக்க நல்லாத்தான் இருக்கு. நடக்கிறது என்ன? நாப்பது வருஷமா நிக்கிற வகுப்பறைக் கட்டடத்தை இடிக்கிறது, அதே இடத்துல முகப்பு பூரா கண்ணாடி போட்டு ஒண்ணு எழுப்புறது, உள்ள ஏசியை ஓட விடுறது, வாசல்ல தரச்சான்றிதழ் ஒண்ணை மாட்டுறது. இதுக்குப் பேரு பசுமைன்னா மொட்டைமாடியில காயுற வடகத்துக்குக் குளிர்பதனம்னு பேரு வைக்கலாம்.

கண்ணாடி வழியா வெயில் உள்ள வரும், சூடா மாறும், திரும்பிப் போக வழி தெரியாது. பனி கொட்டுற ஊர்ல அது வரம். மே மாசம் 40 டிகிரி தாண்டுற காஞ்சிபுரத்துல நமக்கு எதுக்குய்யா அது?

ஐயம்பேட்டைக்காரங்களுக்கு இந்தப் பாடத்தை யாரும் எடுக்க வேணாம். குழித்தறி போட்ட பழைய ஓட்டு வீடுகளைப் பாருங்க. கனமான சுவர், முன்னாடி திண்ணை, காத்து வர முற்றம். காத்து காய்ஞ்சு போனா பாவு இழை அறும், அறுந்தா கூலி போச்சு. அதனால வீட்டைக் குளிர்ச்சியா வெச்சுக்கறது அவங்களுக்கு அழகு சமாச்சாரம் இல்ல, சோத்துப் பிரச்சினை. அப்புறம் கான்கிரீட் தளம் வந்துச்சு. தளம் போட்ட வீட்டுல மதியம் தறியில உக்காந்து பாருங்க, தெரியும். அந்த வீட்டுப் புள்ளைதான் காலேஜ் போய் மேல் மாடியில, அதே மாதிரி கொதிக்கிற தளத்துக்குக் கீழ ஏப்ரல் மாசப் பரிட்சை எழுதுது. ஏசி எங்க இருக்கும்னு நான் சொல்லணுமா? முதல்வர் அறையில.

சரி, பழசையெல்லாம் கட்டிக்கிட்டு அழணுமான்னு கேப்பீங்க. 1970, 80கள்ல கட்டுன கான்கிரீட் பிளாக்குகள் கலைப் பொக்கிஷம் ஒண்ணும் இல்லதான். ஆனா அதுக்குள்ள சிமெண்டும் கம்பியும் ஏற்கெனவே செலவாகியாச்சு. உலகத்துல வெளியேறுற கரியமில வாயுவில ஏறக்குறைய 7, 8 சதவீதம் சிமெண்ட் தயாரிப்புல இருந்து வருது. இடிச்சுட்டுப் புதுசாக் கட்டினா அந்தக் கணக்கை முதல்ல இருந்து ஆரம்பிக்கிறோம். சான்றிதழ் மாட்டுறவங்க இந்த இடிப்புக் கணக்கைப் பத்தி வாயே திறக்கிறதில்ல.

செய்ய வேண்டியது ரொம்ப எளிசு, அதான் யாருக்கும் பிடிக்கல. மேல்தளத்துல விரிசல் விட்ட தட்டோட்டைச் சரி பண்ணி வெயிலைத் திருப்பி அனுப்புற வெள்ளைப் பூச்சு அடிக்கணும். மேற்குப் பக்க ஜன்னலுக்கு நிழல் கொடுக்கணும். ஏசிக்காக அடைச்ச வென்டிலேட்டரைத் திறக்கணும். 75 வாட் மின்விசிறியை எடுத்துட்டு 30 வாட் பிஎல்டிசி விசிறி மாட்டணும். 500 விசிறி, நாளைக்கு 8 மணி நேரம், வருஷத்துக்கு 200 நாள்னு வெச்சாக்கூட 36,000 யூனிட் மிச்சம். ஆனா இதுல ரிப்பன் வெட்ட இடமில்ல பாருங்க! பெயின்ட் டப்பாவுக்கு யாரு கல்வெட்டு வைப்பா?

பழசைக் காப்பாத்த முடியாதுங்கறதும் சும்மா. சேப்பாக்கத்துல சென்னைப் பல்கலைக்கழக செனட் ஹவுஸ், சிசோம் வடிவமைச்சு 1874ல தொடங்கி 1879ல முடிஞ்சது. பக்கத்துல கலச மகால் 2012 ஜனவரித் தீயில கூரை போய் நின்னுச்சு. பொதுப்பணித்துறைதான் அதை மீட்டுச்சு. இப்போ அங்க உக்காந்திருக்கிறது யாரு தெரியுமா? தேசியப் பசுமைத் தீர்ப்பாயம். இதைவிடப் பொருத்தமா ஒரு பசுமைக் கட்டடம் காட்டுங்களேன்.

எதிர்ப்பக்கம் கோட்டூர்புரம். 2010ல திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம் லீட் தங்கச் சான்று வாங்கினதுதான். 2011ல அதை மருத்துவமனை ஆக்கப் போறோம்னாங்க. உயர் நீதிமன்றம் தடுத்துச்சு. அப்புறமும் பராமரிப்பே இல்லாமக் கிடந்து, அதுக்கும் நீதிமன்றம்தான் கேள்வி கேக்க வேண்டியதாச்சு. நல்ல கட்டடம், குறை சொல்லல. சான்றிதழ் கூட்டிப் பெருக்காது, ஒழுகுற குழாயை அடைக்காதுங்கறேன். 2024ல வருமான வரித்துறை சென்னைப் பல்கலைக்கழகத்தோட வங்கிக் கணக்குகளையே முடக்கிச்சே, அந்த நிலைமையில இருக்கிறவங்ககிட்ட பராமரிப்புக்கு எங்க காசு இருக்கும்?

புதுசாக் கட்டியே ஆகணும்னா திருவனந்தபுரம் போய் வாங்க. 1970கள்ல லாரி பேக்கர் கட்டுன வளர்ச்சி ஆய்வு மையம். செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்குன ஜாலிச் சுவர், உள்ள காத்து தானா நடமாடும். எலிப்பொறிக் கட்டுன்னு ஒரு முறை, சுவருக்குள்ள வெற்றிடம் விட்டுக் கட்டுறது. செங்கல் கால்வாசி மிச்சம், சூடும் குறைவு. இருந்த மரங்களை வெட்டாம கட்டடத்தை வளைச்சாரு மனுசன். நம்மாளுங்க மரத்தை வெட்டிட்டு வரவேற்பறையில தொட்டிச்செடி வைக்கிறாங்க.

மக்களே, உங்க ஊர்ல அரசுக் கல்லூரி, பல்கலைக்கழகம் இருந்தா தகவல் உரிமைச் சட்டத்துல பத்து ரூபா கட்டி ரெண்டே கேள்வி கேளுங்க. புதுக் கட்டடம் வர்றதுக்கு முன்னாடி மின் கட்டணம் எவ்வளவு, வந்தப்புறம் எவ்வளவு? கடைசியா மேல்தளத்துக்குப் பூச்சு அடிச்சது எந்த வருஷம்? பதில் வந்தா அப்படியே உங்க பதிவுல போடுங்க, வராட்டி அதையும் போடுங்க.