காயலான் கடைக்கு ஒரு டிடெக்டர்

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் தலைப்பு கொடுக்கும் சீசன் இது. உங்க டீமும் ஸ்மார்ட் டஸ்ட்பின், முகம் பார்த்து அட்டெண்டன்ஸ் போடும் கேமரா என்று யோசித்துக்கொண்டிருந்தால், அதுக்கு முன்னாடி இதைக் கொஞ்சம் படிங்க.

2010 பிப்ரவரியில் டெல்லி பல்கலைக்கழக வேதியியல் துறையின் பழைய இயந்திரம் ஒன்று ஏலத்தில் போனது. 1985-லிருந்து யாரும் பயன்படுத்தாத காமா செல். உள்ளே கோபால்ட்-60. அது போய்ச் சேர்ந்த இடம் மாயாபுரி காயலான் கடைகள். அங்கே ஈயக் கவசத்தைப் பிரித்து, உள்ளே இருந்த உலோகத்தைத் துண்டு போட்டார்கள். ஒரு கடைக்காரர் ஒரு துண்டை பர்ஸிலேயே வைத்திருந்தார். ஆட்கள் உடம்பு முடியாமல் ஆஸ்பத்திரிக்குப் போனபோதுதான், ஏப்ரலில், விஷயம் வெளியே வந்தது. ஒருத்தர் இறந்துபோனார். இத்தனைக்கும் கோபால்ட்-60-ன் அரை ஆயுள் 5.27 வருஷம்தான். கணக்குப் போட்டுப் பாருங்க: அந்த 25 வருஷத்தில் அதன் வீரியம் சுமார் 27-ல் ஒரு பங்காகக் குறைந்திருக்கும். அப்படியும் ஆளைக் கொன்றது.

கதிர்வீச்சு கண்டறிதல் என்றாலே துறைமுகத்தில் நிற்கும் பெரிய போர்ட்டல் மானிட்டர்தான் நமக்கு ஞாபகம் வரும். அது வேண்டாம்னு சொல்லல. ஆனா மாயாபுரி கோபால்ட் 2010-ல் எந்த எல்லையையும் தாண்டவில்லை, ஊருக்குள்ளேயே இருந்தது. மெக்சிகோவின் ஹுவாரெஸ் நகரிலும் 1983-ல் ஒரு பழைய சிகிச்சைக் கருவியின் கோபால்ட் காயலான் கடைக்குப் போய், உருகி, கட்டடக் கம்பியாகவே மாறிவிட்டது. அடுத்த ஜனவரியில் அந்தக் கம்பி ஏற்றிய லாரி அமெரிக்காவில் வழி தவறி லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தின் டிடெக்டரைக் கடந்ததால்தான் மாட்டியது. டர்ட்டி பாம் செய்ய நினைப்பவன் தேடுவதும் இப்படிக் கேட்பாரற்றுக் கிடக்கும் சோர்ஸைத்தான்.

அதனால புது டிடெக்டர் முதலில் போக வேண்டிய இடம் காயலான் கடை எடைமேடை என்பது என் கருத்து.

ஒரு கைகர் கவுண்டர் வச்சா போதாதா? போதாது. அது எண்ணும், அவ்வளவுதான். எதை எண்ணுகிறது என்று அதுக்குத் தெரியாது. கிரானைட், டைல்ஸ், பொட்டாஷ் உரம் என எது ஏற்றி வந்தாலும் கத்தும். மூணாவது தடவை சும்மா கத்தினா ஓனர் பிளக்கைப் பிடுங்கிடுவார். நானா இருந்தாலும் அதைத்தான் செய்வேன். எந்த ஐசோடோப் என்று சொல்ல ஸ்பெக்ட்ரம் வேண்டும். அதில் கில்லாடி ஜெர்மேனியம் டிடெக்டர், ஆனா அதைக் கடுமையாகக் குளிர்விக்கணும், வழக்கமா திரவ நைட்ரஜனில். காயலான் கடையில் நடக்கிற காரியமா?

சீசியம் அயோடைடு கிரிஸ்டலோடு சிலிக்கான் போட்டோமல்டிப்ளையர் சேர்த்தால் நம்ம கைக்கு எட்டும். பழைய குழாய்க்கு ஆயிரம் வோல்ட் அளவில் வேண்டும், இதுக்கு முப்பது சொச்சம். சிக்கல் வெயில்தான். தகரக் கூரைக்குக் கீழே சூடு ஏற ஏற கெயின் மாறி, பீக் எல்லாம் நகரும். கோபால்ட்-60-க்கு 1173, 1332 கேஇவி, பொட்டாசியம்-40-க்கு 1461. பத்து சதவீதம் நகர்ந்தால் பொட்டாஷ் மூட்டை கோபால்ட்டின் இடத்தில் போய் உட்காரும். ஆனா பொட்டாசியம் மண்ணிலும் செங்கல்லிலும் எப்பவும் இருக்கே! பேக்ரவுண்டில் வரும் அந்தப் பீக்கையே அளவுகோலாக வைத்து, நகர்வைத் தொடர்ந்து திருத்தலாம். இது கோடிங் வேலை, நமக்குத் தெரிந்ததுதான்.

கவசத்துக்குள் ஒளித்த யுரேனியத்தை இது பிடிக்காது. யுரேனியம்-235-ன் 186 கேஇவி காமாவை மெல்லிய ஈயத் தகடே அடக்கிவிடும். அது பெரிய லேப்களின் வேலை.

"இதுல பிளேஸ்மெண்ட் கிடைக்குமா?" என்று கைடு கேட்டார். நியாயமான கேள்விதான், எனக்கும் எஜுகேஷன் லோன் இருக்கு. ஆனா அட்டெண்டன்ஸ் கேமரா செய்த சீனியர்களிடம் இதை யாரும் கேட்ட மாதிரி தெரியல.

டெஸ்ட் பண்ண கோபால்ட் தேவையில்லை, அதைத் தேடிப் போகவும் கூடாது. உரக்கடையில் ஒரு கிலோ பொட்டாஷ் வாங்கி வச்சிருக்கேன். சர்க்யூட்டுக்கு ஆள் இருக்கு. தூசியும் வெயிலும் தாங்குற பெட்டி செய்ய ஒரு மெக்கானிக்கல் ஆள் வேணும்.