ஒரு மணி நேரக் கூத்து

போன மாசியில் சேலத்தில் ஒரு கூத்துப் பார்த்தேன். கூத்து என்று நான் சொல்லவில்லை, அழைப்பிதழ் சொன்னது. 'மரபும் புதுமையும் சங்கமிக்கும் மேடை நிகழ்ச்சி' என்று அதற்குக் கீழே ஒரு வரியும் இருந்தது. குளிர்சாதன மண்டபம், மெத்தை வைத்த நாற்காலிகள். கதை, திரௌபதி துகிலுரிதல். ஆறரைக்கு ஆரம்பித்து ஏழரைக்கு முடிந்துவிட்டது. துச்சாதனன் சேலையைப் பற்றியதும் மேடையில் புகை வந்தது. நீல வெளிச்சம் வந்தது. பெங்களூரிலிருந்து வந்திருந்த ஆறு பெண்கள் தரையில் உருண்டு எழுந்தார்கள். ஓரத்தில் கீபோர்டு, டிரம் செட். எங்கள் பக்கத்துக் கூத்துக்காரர்கள் நால்வர் கிரீடமும் புஜக்கட்டையும் கட்டிக்கொண்டு, சொன்ன நேரத்துக்கு வந்து, சொன்ன அடியை வைத்து, சொன்ன இடத்தில் நின்றார்கள். முடிந்ததும் சபை எழுந்து நின்று கைதட்டியது. நானும் தட்டினேன்.

பிறகு ஒரு கனவான் பேசினார். ஸ்பெயின் தேசத்தில் ஃபிளமெங்கோ என்று ஓர் ஆட்டம் உண்டாம். ஏழை ஜிப்சிகள் ஆடியதை மேடைக்கு ஏற்றி, நவீன நடனத்தையும் நவீன வாத்தியத்தையும் சேர்த்து, இன்று உலகமெங்கும் டிக்கெட் கிடைக்காத சரக்காக ஆக்கிவிட்டார்களாம். நம் தெருக்கூத்தையும் அப்படி ஆக்க வேண்டும், இது முதற்படி என்றார். மறுபடியும் கைதட்டல்.

எனக்கு அடுத்த நாற்காலியில் ஒரு தமிழ்ப் பேராசிரியர். அவர் தட்டவில்லை. "கெடுத்துவிட்டார்கள். கூத்தில் கீபோர்டுக்கு என்ன வேலை?" என்று என் காதில் சொன்னார்.

இந்த இருவரிடமும் எனக்குச் சண்டை இருக்கிறது. சின்னச் சண்டையை முதலில் முடித்துவிடுகிறேன்.

பேராசிரியரே, கூத்தில் ஆர்மோனியத்துக்கு என்ன வேலை? 1842-இல் பாரிசில் தெபேன் என்பவர் காப்புரிமை வாங்கிய பெட்டி அது. கல்கத்தா வழியாக வந்து, நாடகக் கம்பெனிகளோடு ஊர் ஊராகச் சுற்றி, எங்கள் களரியின் பலகையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அகில இந்திய வானொலி 1940-இல் அதை அந்நியம் என்று தள்ளிவைத்து, 1971 வரை உள்ளே விடவில்லை. அந்த முப்பத்தோரு வருஷமும் எடப்பாடியிலும் தாரமங்கலத்திலும் மல்லசமுத்திரத்திலும் விடிய விடிய அது முகவீணையோடு குடித்தனம் நடத்திக்கொண்டுதான் இருந்தது. டில்லியைக் கேட்டுக்கொண்டு எங்கள் கூத்துக்காரன் எதையும் சேர்க்கவில்லை. 1935-இல் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் வந்தது. அதன் பிறகு டாக்கியில் ஓடிய மெட்டெல்லாம் மறு மாசமே துரியோதனன் வாயில் வந்தது என்று எங்கள் ஊர்க் கிழவர்கள் சொல்வார்கள். எண்ணெய்ப் பந்தம் போய்ப் பெட்ரோமாக்ஸ் வந்தது. பெட்ரோமாக்ஸ் போய்க் குழல் விளக்கு வந்தது. களரியின் நடுவே கயிற்றில் மைக் தொங்க ஆரம்பித்ததும் அடவே மாறிப்போயிற்று; பாடுகிறவன் அதன் கீழேயே சுற்ற வேண்டியதாயிற்று. கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கிய அணிகளில் கண்ணாடித் துண்டும் ஜிகினாவும் ஒட்டியிருக்கின்றனவே, ஜிகினா சங்க காலத்துச் சரக்கா? சுத்தக் கூத்து என்று ஒன்று எந்த ஊரிலும் எந்த இரவிலும் ஆடப்பட்டதில்லை. கலப்படம் ஆகாது என்பவர்கள் விடிய விடிய மண்ணில் உட்கார்ந்து கூத்துப் பார்ப்பதும் இல்லை. பதினோரு மணிக்குக் கார் வந்துவிடும்.

இனி ஸ்பெயின் கனவான். அவர் சொன்னதை வைத்துக்கொண்டு நானும் கொஞ்சம் படித்துப் பார்த்தேன். ருசியான சங்கதிகள் இருக்கின்றன. 1922-இல் கிரானடா நகரத்தில் ஃபயா என்ற பெரிய இசைமேதையும், அப்போது இருபத்து நான்கு வயதுப் பையனாக இருந்த கவி லோர்காவும் இன்னும் சிலரும் கூடி ஒரு போட்டி வைத்தார்கள். ஆழ்ந்த பாட்டு காசுக்குப் பாடுகிறவர்களால் கெட்டுவிட்டது, அதைக் காப்பாற்ற வேண்டும் என்பது அவர்கள் கவலை. இருபத்தொரு வயதைத் தாண்டிய தொழில்முறைப் பாடகர்களுக்கு அனுமதி இல்லை என்று விதி. பரிசு வாங்கியவர்களில் ஒருவர் கிழவர். இன்னொருவன் பன்னிரண்டு வயதை ஒட்டிய ஒரு சிறுவன், மனோலோ கராகோல். அந்தச் சிறுவன் வளர்ந்து என்ன செய்தான் என்கிறீர்கள்? 1940-களில் லோலா ஃபுளோரஸ் என்ற ஆட்டக்காரியோடு சேர்ந்து, ஆர்க்கெஸ்ட்ராவும் பியானோவுமாக நாடக மேடையில் வெளுத்து வாங்கினான். சுத்தத்துக்குப் பரிசு வாங்கிய குரலே கலப்பில் பேர் வாங்கிற்று. ஃபிளமெங்கோ மேடையில் இன்று ஒருவர் ஒரு மரப்பெட்டி மேல் உட்கார்ந்து அதையே தட்டுகிறாரே, அது பெரு நாட்டுச் சாமான். பாக்கோ டி லூசியா என்ற கித்தார்க்காரர் 1970-களில் அங்கிருந்து கொண்டுவந்தார். ஐம்பது வருஷத்துக்குள் அது ஆதிகாலத்திலிருந்தே இருந்ததுபோல் ஆகிவிட்டது. 2010-இல் யுனெஸ்கோ அந்தக் கலையை உலகத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது.

கனவான் கவனிக்காத விஷயம் ஒன்று இதில் இருக்கிறது. அந்தப் பெட்டியைக் கொண்டுவந்தவர் யார்? கலாசாரக் கமிட்டியா? தகப்பனிடம் விரல் தேயக் கித்தார் பழகிய ஆட்டக்காரன். பியானோவோடு பாடியவன் யார்? அந்தப் பாட்டிலேயே பிறந்து வளர்ந்தவன். எதைச் சேர்ப்பது எதைத் தள்ளுவது என்று தீர்மானிக்கிற கை ஆட்டக்காரனுடைய கையாக இருந்தது. சேலத்து மண்டபத்தில் அந்தக் கை யாருடையது?

சொல்லிவிடுகிறேன். அது என்னுடைய கை. அந்த நிகழ்ச்சிக்கு வசனம் எழுதியவன் நானே.

நாலு நாவல் எழுதியவன், கூத்துப் பற்றிக் கதையெல்லாம் எழுதியிருக்கிறான் என்று என்னைத் தேடி வந்தார்கள். ஒரு மணி நேரத்துக்குள் அடக்க வேண்டும் என்றார்கள். கல்லூரியில் இரண்டு வருஷத்தோடு நின்றுபோனவனுக்கு இப்படி ஒரு மரியாதை வந்தால் தலை கிறுகிறுக்கத்தான் செய்யும். விருத்தங்களை வெட்டினேன், தருக்களில் பல்லவியை மட்டும் வைத்தேன். கோமாளிக்கு ஒரு பக்கம் எழுதினேன்.

கோமாளியைப் பற்றி, கூத்துப் பார்க்காத வாசகர்களுக்கு இரண்டு வார்த்தை. கட்டியக்காரன் என்று வடக்கே சொல்வார்கள். எங்கள் பக்கம் கோமாளி. ராஜா வருவதைச் சொல்கிறவன் அவன். வந்த ராஜாவைக் கேள்வி கேட்கிறவனும் அவன்தான். அஸ்தினாபுரத்துக்கும் எங்கள் ஊர் டீக்கடைக்கும் நடுவில் போக்குவரத்து நடத்துகிறவன். சில வருஷங்களுக்கு முன் தாரமங்கலம் பக்கத்தில் ஒரு மாரியம்மன் பண்டிகைக் கூத்து. துரியோதனன் திரையை விலக்கி வந்து, "நமது நாட்டில் மாதம் மும்மாரி பொழிகிறதா?" என்று வழக்கம்போல் கேட்டான். கோமாளி வானத்தைப் பார்த்தான். "மழைங்களா ராஜா? போர்த் தண்ணி ஆயிரம் அடிக்குக் கீழே போயிருச்சுங்க. நாட்டுல ஈரமா இருக்கறது திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரன் பாக்கெட்டு ஒண்ணுதானுங்க" என்றான். ஜனம் கொல்லென்று சிரித்தது. அப்புறம் மெதுவாக முன்வரிசைப் பக்கம் திரும்பினான். அங்கே ஊர்த் தலைவர் உட்கார்ந்திருந்தார். "குழாயில விடற தண்ணி மட்டும் நம்ம தலைவரு தோட்டத்துப் பக்கம் போயி வழி மறந்துருச்சுங்க ராஜா. ஆள் அனுப்பித் தேடச் சொல்லுங்க." தலைவரும் சிரித்தார். சிரிக்காமல் என்ன செய்வார்? மறு வாரம் ஊருக்குத் தண்ணீர் வந்துவிட்டதா என்று கேட்காதீர்கள், வரவில்லை. ஆனால் நாலு நாள் அவர் டீக்கடைப் பக்கம் தலைகாட்டவில்லை.

மண்டபத்துக்கு நான் எழுதிய ஒரு பக்கத்தில் இந்த மும்மாரிப் பேச்சும் இருந்தது. அமைப்பாளர்கள் நல்லவர்கள், மரியாதையானவர்கள். விளக்கெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றியாகிவிட்டது, ஒரு வார்த்தை கூடினாலும் வெளிச்சம் தப்பிவிடும் என்றார்கள். ஒரு பக்கம் பத்து வரியாயிற்று. பிறகு, முன்வரிசையில் ஜவ்வரிசி ஆலை முதலாளியும் கல்லூரித் தாளாளரும் அதிகாரிகளும் இருப்பார்கள், தண்ணீர்ப் பேச்சு வேண்டாமே என்றார்கள். பத்து வரி நாலு வரியாயிற்று. நானே என் பேனாவால் அடித்தேன். யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை.

ஒத்திகையன்று கோமாளி வேஷக்காரருக்கு அந்த நாலு வரியைப் படித்துக் காட்டினேன். அறுபதைத் தாண்டியவர். பகலில் தறிக்குடோனில் வேலை. கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

"ஏனுங்க, இதை நான் யாரைப் பார்த்துப் பேசறதுங்க?" என்றார்.

"துரியோதனனைப் பார்த்துத்தான், வாத்தியாரே."

"அவன் நம்ம ஆளுங்களே" என்றார்.

இதற்கு நான் பதில் சொல்லவில்லை.

கீபோர்டைப் பற்றியும் புகையைப் பற்றியும் எனக்கு ஆட்சேபம் கிடையாது. பெங்களூர்ப் பெண்கள் நன்றாக ஆடினார்கள். ஒருத்தி உருண்டு எழுந்தபோது உண்மையிலேயே சபை நடுவில் இழுத்துவரப்பட்ட பெண்போலத்தான் இருந்தாள். வாத்தியம் மாறலாம், வெளிச்சம் மாறலாம். எங்கள் பக்கத்தில் பெண் வேஷத்தையும் ஆணே கட்டுவது வழக்கம். அதுவும் மாறலாம், மாற வேண்டும். காஞ்சிபுரத்துப் பக்கம் கட்டைக்கூத்துச் சங்கம் 1990-இல் ஏற்பட்டது. 2002 முதல் 2020 வரை ஒரு குருகுலமும் நடத்தினார்கள்; அங்கே பெண் பிள்ளைகளும் கூத்துப் படித்து ஆடினார்கள். அதே கூத்துக்காரர்கள் டி. எம். கிருஷ்ணாவோடும் சங்கீதா சிவகுமாரோடும் ஒரே மேடையில் கர்நாடக சங்கீதத்தையும் கூத்தையும் சேர்த்து நடத்தியிருக்கிறார்கள். அந்தக் கலப்பை நான் குறை சொல்லமாட்டேன். அங்கே நாடகத்தை எழுதுகிறவரும் நடத்துகிறவரும் ராஜகோபால். பரம்பரைக் கூத்துக்காரர், வேஷம் கட்டுகிறவர். பாட்டுக்காரர் கூத்துக்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். எங்கள் மண்டபத்திலோ கூத்துக்காரர் சாப்பாட்டுக்குக்கூட யாருக்கும் பக்கத்தில் உட்காரவில்லை. சபைக்குக் கீழ்த்தளத்தில் இலைச் சாப்பாடு. அவர்களுக்கு மேடைக்குப் பின்னால் பொட்டலம். கீபோர்டு வாசித்த இளைஞருக்குக் கொடுத்ததில் பாதிகூட அவர்கள் நால்வருக்கும் சேர்த்துக் கொடுக்கவில்லை. 2025-இல் புரிசை கண்ணப்ப சம்பந்தனுக்கு அரசாங்கம் பத்மஸ்ரீ கொடுத்தது. மேடையில் அதையும் பெருமையாகச் சொன்னார்கள். எங்கள் ஜில்லாவில் 'கூத்தாடி' என்பது இன்றைக்கும் வசவு.

புதுமை செய்கிறேன் என்கிறவர்களுக்கு என் கட்சி இதுதான். எதை வேண்டுமானாலும் கொண்டுவாருங்கள். ஆனால் கோமாளிக்கு ஒரு பத்து நிமிஷம் விடுங்கள். எழுதாத பத்து நிமிஷம். சபை விளக்கைப் போட்டுவிடுங்கள். அவன் கண்ணுக்கு முன்வரிசை தெரியட்டும். கம்ப்யூட்டர் அதற்கு இடம் கொடுக்காவிட்டால் கம்ப்யூட்டரை மாற்றுங்கள். முன்வரிசைக்காரர் கோபித்துக்கொண்டு நன்கொடையை நிறுத்திவிடுவார் என்கிறீர்களா? அப்படியானால் நீங்கள் நடத்தியது எந்தக் கூத்து? ராஜாவைக் கேள்வி கேட்க ஆள் இல்லாத இடத்துக்குக் கொலுமண்டபம் என்றல்லவா பேர்! ராத்திரி முழுதும் ஆடினால் யார் உட்காருவார்கள் என்றும் கேட்கிறார்கள். ஒரு மணி நேரமே இருக்கட்டும். நேரத்தைக் குறைத்தது கூடப் பெரிய பாவமில்லை. குறைக்கிறபோது எதை முதலில் வெட்டினோம் என்பதுதான் விஷயம். நான் எதை வெட்டினேன் என்று எனக்குத் தெரியும்.

அன்று இரவு இன்னொன்றும் நடந்தது. நிகழ்ச்சி முடிந்து நான் வெளியே வந்தபோது, கூத்துக்காரர்கள் அரிதாரம் கலைக்காமல் ஒரு டெம்போவில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எடப்பாடிக்குப் பக்கத்தில் ஒரு கருமாதி, கர்ண மோட்சம் ஆட வேண்டும், நேரமாகிவிட்டது என்றார்கள். நானும் ஏறிக்கொண்டேன். மரவள்ளிக் காட்டு ஓரத்தில் பந்தல். செத்துப்போன பெரியவரின் படத்துக்கு மாலை போட்டு விளக்கு வைத்திருந்தார்கள். பத்தரைக்கு மத்தளம் கொட்டியது. ஜமுக்காளத்தில், அந்த வீட்டுக் கிழவி ஒருத்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

கோமாளி களரிக்கு வந்தார். ஒரு சுற்றுச் சுற்றினார். என்னைப் பார்த்துவிட்டார். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

"பெரியவங்க எல்லாருக்கும் ஒரு சங்கதி சொல்றனுங்க. இன்னிக்குச் சாயங்காலம் சேலத்துல பாஞ்சாலி சேலையை உருவுனாங்க. உருவி முடிக்கறதுக்குள்ள மணி அடிச்சுட்டாங்க. கிருஷ்ணன் வரலீங்க, கரண்டுக்காரன் வெளக்கை அணைச்சு அந்தப் பொம்பளை மானத்தைக் காப்பாத்துனான். எனக்கு நாலு வரி குடுத்தாங்க. நாலையும் ஒப்பிச்சுட்டு வந்தனுங்க. எழுதுன அய்யா ஜமுக்காளத்துல உக்காந்திருக்காரு. பாவம், கை வலிக்க அடிச்சிருக்காரு, மிச்சத்தை! அவரு அடிச்சதையெல்லாம் இங்க பேசிப்போடறனுங்க, விடியறதுக்குள்ள."

பந்தலே திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தது. இழவு வீட்டுக் கிழவி பொக்கை வாயைத் திறந்து, கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, என் தொடையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"நீதானா சாமி அது?" என்றாள்.